முதல் ஆள், இரண்டாவது ஆள்

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலம், உன் கண்ணாடிக் கடை நலம், பொடிசும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். நீயாக ஒருநாளும் அதையெல்லாம் எழுதப்போவதில்லை.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிடைத்துவிட்டது. கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவு முழுவதற்கும் இனி நான்தான் தலைவி. எந்த நோயாளிக்கு எந்தப் படுக்கை, யாருக்கு எந்த மருந்து என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் எங்கள் கம்ப்யூட்டர்கள் எங்கே நின்றுபோனாலும் இனி என் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. பயத்தை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு இடது காது மந்தம், எனக்குப் பொறுமை மந்தம். நாம் போனில் பேசினால் முழுதாகக் காதில் வாங்குவது உன் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான்.

ஒரு பத்திரிகையிலிருந்து பேட்டி எடுக்க ஒரு பெண் வந்தாள். வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்தபடியே, "வீட்டையும் வேலையையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?" என்றாள். "நான் எங்கேம்மா சமாளிச்சேன்? என் நாத்தனார்தான் சமாளிக்கிறா" என்றேன். ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். நான் விடவில்லை, உட்கார வைத்துச் சொன்னேன். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறிய அதே வாரம் அவருடைய தங்கை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள் என்று சொன்னேன். நான்கு வயதுப் பொடிசை அவள் இடுப்பில் வாங்கிக்கொண்டு, "நீங்க வேலை தேடுங்க அண்ணி" என்று சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றையும் குனிந்து குனிந்து எழுதிக்கொண்டாள். அச்சில் வந்தது என்ன தெரியுமா? "குடும்பத்தினரின் ஆதரவோடு உயர்ந்தவர்." அவ்வளவுதான். பதினோரு வருடத்தை மூன்று சொல்லில் சுருட்டிவிட்டாள். பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன், திட்டிக்கொண்டே படி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் வீடு தருகிறார்கள். இரண்டு படுக்கையறை. முன்னைப் போல ஷிஃப்ட் கிடையாது, ஊர் சுற்றுவதும் குறைவு. பள்ளி வருடம் முடிந்ததும் பொடிசை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆகிறது. லீவில் வந்து போகிற அம்மாவாகவே இருந்துவிடுவேனோ என்று பயம். நீ என்ன சொல்கிறாய்? நீ சரி என்று சொல்லாமல் அவளிடம் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

என்றும் உன்,
அண்ணி


ஜனவரி 18

மாண்புமிகு அண்ணி அவர்களுக்கு,

வாயாடி எழுதுவது. இனி உங்களை எழுந்து நின்று கும்பிட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. கடிதத்தைப் பிரித்தபோது நாற்காலியில் ஒரு அம்மாவுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவைச் சோதனை ஃபிரேமோடு அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து மருந்துக் கடை, எதிர் ஜெராக்ஸ் கடை எல்லாவற்றுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால், "என்னம்மா, எனக்கு ஏதும் பெரிய வியாதியா?" என்று அழுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பாவம்.

பேட்டியைப் பார்த்து எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. கிட்டப்பார்வைக்குப் படிக்கக் கொடுக்கும் அட்டை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் பேட்டியை வெட்டி அதில் ஒட்டிவிட்டேன். இனி இந்த ஊரில் கண்ணாடி போட வேண்டும் என்றால் உங்களைப் படித்தே ஆக வேண்டும். நேற்று ஒரு பெரியவர் எழுத்துக் கூட்டிக் கூட்டி "குடும்பத்தினரின் ஆதரவோடு" வரைக்கும் வந்து, "யாரும்மா அந்தக் குடும்பம்?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். கண்ணாடிக்கு மேலே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரே ஆளா?" என்றார். சிரிப்பு தாங்கவில்லை.

பொடிசு விஷயம். இதில் என்னைக் கேட்க என்ன இருக்கிறது? உங்கள் பெண், நீங்கள் அழைத்துப் போகிறீர்கள். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஃபிரேம் பெட்டிகள் வைக்க இடமில்லாமல் தவிக்கிறேன், அவள் அறையில் அடுக்கிக்கொள்வேன். நீங்களே அவளிடம் பேசிவிடுங்கள், நான் முந்திக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

உங்கள்,
வாயாடி


பிப்ரவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

பொடிசிடம் பேசிவிட்டேன். பயந்து பயந்துதான் கேட்டேன், பெரிய அதிகாரிகளின் இன்டர்வியூவில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை. "வரேம்மா, ஆசையா இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். அவள் அறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்குப் பிடிச்சது அடிங்கம்மா" என்றாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் நீ வளர்த்த வளர்ப்பு.

புது அலுவலகத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஆறடிக்கு மேல். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படவில்லை. குனிந்து நெம்புகோலைத் தேடிக்கொண்டிருந்தபோது வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "தலைவர் வந்துட்டாரா? வைஃபை பாஸ்வேர்டு என்னம்மா?" என்றார். சொன்னேன். தெரியும், சொன்னேன். அரைமணி கழித்து மீட்டிங்கில் மேஜையின் தலைமை இடத்தில் என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் டியூட்டி அறை இருக்கிறது. அங்கேதான் என் மனசு ஒட்டுகிறது. சுவரில் என் பழைய ஆபீஸில் இருந்த மாதிரியே ஒரு பலகை. மேலே முதல் ஆள், கீழே இரண்டாவது ஆள். எங்கேயாவது கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அலாரம் முதல் ஆளுக்குப் போகும். அவர் எடுக்காவிட்டால்தான் இரண்டாவது ஆளுக்கு. டியூட்டி மாறும்போது போகிறவர் "ஒப்படைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், வருகிறவர் "எடுத்துக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரை போகிறவர் நாற்காலியை விட்டு எழக்கூடாது. இந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் வாடிக்கையாளர்களின் புகார் போன்களை எடுத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு மாலை ஷிஃப்ட், உனக்குப் பகலில் கண்ணாடிக் கடையில் எடுபிடி வேலை. எனக்கு முதல் பதவி உயர்வு வந்த அன்று நீ கொண்டாட என் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாய், நான் உன்னோடு கொண்டாட உன் கடைக்கு வந்துவிட்டேன். பள்ளி வாசலுக்கு யாருமே போகவில்லை. பொடிசு காவல்காரர் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, "இன்னிக்கு என் டியூட்டி யாரு?" என்று கேட்டாளே. அதற்கப்புறம் வாசலில் நின்று "ஒப்படைக்கிறேன்", "எடுத்துக்கிட்டேன்" சொல்லாமல் நாம் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனதே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் விமான நிலையத்தில் நான்தான் "ஒப்படைக்கிறேன்" என்றேன். நீ "எடுத்துக்கிட்டேன், போங்க" என்று தள்ளிவிட்டாய். இப்போது நீ ஒப்படைக்க வேண்டும். அவளைப் பற்றி நான் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுது. வெட்கப்படாமல் கேட்கிறேன்.

என்றும் உன்,
அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்டீர்களே, எழுதுகிறேன். "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். குளித்த ஈரத் தலையோடு படுத்துவிடுவாள்; துவட்டப் போனால் சண்டை, ஒரு துண்டை மட்டும் தலையணை மேல் போட்டுவிடுங்கள். கணக்குப் பாடத்தைப் பாட்டாகப் பாடித்தான் படிப்பாள், நிறுத்தச் சொல்லாதீர்கள். கோபம் வந்தால் கத்த மாட்டாள், விளக்குமாற்றை எடுத்து வீட்டைக் கூட்ட ஆரம்பித்துவிடுவாள். வீடு பளிச்சென்று இருந்தால் நாம் என்ன தப்புப் பண்ணினோம் என்று யோசிக்க வேண்டும்.

அண்ணி, வீடு ஒரு மாதமாகப் பளிச்சென்று இருக்கிறது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் "வரேம்மா" என்று சொன்னதற்கு மறுநாள் என்னிடம், "நான் போகலை அத்தை, உங்ககூடவே இருக்கேன்" என்று சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. அதில் "ஆசையா இருக்கு" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்போம். சில பேர் ரொம்ப நல்லவர்கள். நம் மனசு நோகக் கூடாது என்று, எதைப் போட்டாலும் "இப்ப நல்லா இருக்குங்க" என்பார்கள். அவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். போட்ட லென்ஸையே கழற்றி, துடைத்து, மறுபடி அதையே போட்டு "இப்ப?" என்று கேட்போம். "ஆங், இப்பதான் ரொம்பத் தெளிவு" என்று சொன்னால், அந்த ஆள் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை, நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

அந்த வித்தையை நம் வீட்டுப் பிள்ளையிடமே காட்டினேன். ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அம்மாகிட்ட போறியாடி?" என்றேன். "இல்ல அத்தை, போகலை" என்றாள். இரண்டு நாள் கழித்து, நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ரொட்டி வெட்டும்போது அதே கேள்வியைக் கேட்டேன். "போறேன் அத்தை, ஜாலியா இருக்கும்" என்றாள். ஒரே லென்ஸ்தான் அண்ணி. கேள்விக்குப் பதில் சொல்லவில்லை பிள்ளை. நம் இரண்டு பேர் முகத்துக்கும் மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம்தான் இத்தனை நாள், "என்ன பொறுப்பான பிள்ளை" என்று பூரித்துப் போயிருக்கிறோம்.

உங்கள்,
வாயாடி


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை மீட்டிங் நடுவில் மேஜைக்குக் கீழே வைத்துப் படித்தேன். யாரோ எதையோ கேட்டார்கள், நான் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். எதற்குத் தலையாட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை.

முதலில் உனக்கு நன்றி. நீ இதை எழுதாமல் இருந்திருக்கலாம். அவள் உன்னோடே இருக்க விரும்புகிறாள் என்று மட்டும் எழுதியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். உனக்கு அது எவ்வளவு லாபம் என்று எனக்குத் தெரியாதா? இந்த உலகத்தில் எனக்கு இப்படி உண்மையைச் சொல்கிற ஆள் நீ ஒருத்திதான்.

யோசித்துவிட்டேன். நான் வந்துவிடுகிறேன். அவள் இடம் மாற வேண்டாம், நீயும் தனியாக இருக்க வேண்டாம். அங்கேயே ஏதாவது சின்ன கம்பெனியில் வேலை கிடைக்கும். இந்தப் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இப்போதே விலகினால் அவர்களுக்கும் பெரிய சிரமம் இல்லை. அடுத்த வாரம் முதலாளியிடம் பேசப்போகிறேன். ஒரு நாற்காலிக்காகப் பிள்ளையை முகம் பார்த்துப் பேச வைத்துவிட்டேனே என்று மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

என்றும் உன்,
அண்ணி


மார்ச் 22

அண்ணி,

ராஜினாமாவா? யாரைக் கேட்டுக்கொண்டு?

புகார் போன் எடுக்கிற வேலையில், எவனோ ஒருவன் போனில் கண்டபடி திட்டிவிட்டான் என்று அழுதுகொண்டு வந்து, இனிமேல் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டீர்களே, மறுநாள் உங்கள் செருப்பைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்தது யார்? நீங்கள் எழுதின பரீட்சைகளுக்கெல்லாம் உட்கார்ந்து கேள்வி கேட்டது யார்? எனக்கு அதில் ஒரு வரி புரியாது. ஆனாலும் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்கிற சொல்லும் அச்சில் இருக்கிற சொல்லும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுகூட வைத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் பாதி என்னுடையது. என் பாதியை நான் ராஜினாமா செய்யவில்லை. ஆகவே நீங்கள் உங்கள் பாதியில் ஒழுங்காக உட்காருங்கள்.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்று எழுதினேன் இல்லையா, அதுவும் ஒரே கடிதத்தில் இரண்டு தடவை, அது பச்சைப் பொய். கடையை மூடிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தால் "அத்தை" என்று கூப்பிட ஆளில்லாத வீட்டை நினைத்தாலே கடையிலேயே படுத்துவிடலாமா என்றிருக்கிறது. சொந்த அண்ணனை விட்டுவிட்டு உங்கள் பக்கம் நின்றதற்கு எனக்குக் கிடைத்தது அந்தப் பிள்ளை. என் வயிற்றில் பிறக்கவில்லை என்பது எனக்கே பல நாள் மறந்துபோய்விடும். ஆனால் அது என் கஷ்டம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக நீங்கள் இறங்கி வந்தால் வாழ்நாள் பூராவும் உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன்.

முதலாளியிடம் வாயைத் திறக்காதீர்கள். பிள்ளையிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியும். முகம்தானே பிரச்சினை, முகம் தெரியாமல் கேட்டால் போகிறது.

இன்னும் கோபத்தோடு,
வாயாடி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் வரட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

நேற்று பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வரச் சொன்னேன். "கண்ணு பார்த்து நாளாச்சு, உட்காரு" என்று பரிசோதனை அறை நாற்காலியில் உட்கார வைத்து, சோதனை ஃபிரேமை மாட்டிவிட்டு, விளக்கை அணைத்தேன். எழுத்துப் பலகையின் விளக்கையும் அணைத்துவிட்டேன்.

"அத்தை, ஒண்ணுமே தெரியல."

"தெரிய வேண்டாம். என் முகம் தெரியுதா?"

"இல்ல."

"அம்மா முகம்?"

சிரித்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "இப்ப சொல்லு" என்றேன். வெளியே யாரோ வந்து மணியடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எனக்கு அம்மாகூட இருக்கணும்னு ஆசை அத்தை. நிஜமாவே ஆசை. அம்மா வீட்டுல இருக்கும்போது எப்படி இருப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. வரும்போதெல்லாம் விருந்தாளி மாதிரிதான் இருப்பாங்க. ஆனா உங்களை விட்டுட்டுப் போகணும்னு ஆசை இல்ல. ரெண்டும் வேற வேற அத்தை. நீங்க ரெண்டு பேரும் ஒரே கேள்வின்னு நினைச்சுக்கிட்டு என்னைக் கேக்கறீங்க. நான் என்ன சொன்னாலும் யாராவது ஒருத்தர் அழுவீங்க."

இருட்டிலும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் கேட்டாள். "அத்தை, உங்களை யாராவது கேட்டாங்களா, நீயும் வர்றியான்னு?"

"என்னை எதுக்குடி கேக்கணும்?"

"அதான், எதுக்குக் கேக்கலன்னு கேக்கறேன்."

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுவதாக எனக்குள் முடிவு பண்ணியிருந்ததால் எழுதிவிட்டேன். நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக இல்லை.

உங்கள்,
வாயாடி

பின்குறிப்பு: கண்ணையும் பார்த்தேன். இடது கண்ணில் கொஞ்சம் பவர் ஏறியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.


ஏப்ரல் 7

அன்புள்ள வாயாடிக்கு,

ராஜினாமா செய்யவில்லை. என் பாதியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாற்காலியைத் தாழ்த்திக்கொண்டேன், கால் தரையில் படுகிறது.

பொடிசு கேட்டது நாலு நாளாக என் காதிலேயே நிற்கிறது. உனக்கு நான் எழுதின கடிதங்களில் "நன்றி" எத்தனை தடவை இருக்கும்? "வா" என்று ஒரு தடவையாவது இருக்குமா? டியூட்டி என்றால் ஒருவர் வந்தால் ஒருவர் கிளம்ப வேண்டும் என்றே பழகிவிட்டது என் புத்திக்கு. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது தோன்றவே இல்லை. நீயும் நானும் கடைசியாக ஒன்றாக உட்கார்ந்து, யாரும் எங்கும் கிளம்பாமல், ஒரு காபி குடித்தது எப்போது?

அதனால் கேட்கிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக இல்லை, சமைக்க இல்லை, எனக்கு உதவிக்கு இல்லை. எனக்கு நீ வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். வர்றியா?

இரண்டு அறையில் ஒன்று உனக்கும் அவளுக்கும். அல்லது எனக்கும் அவளுக்கும். அல்லது ஹாலில் மூன்று பேரும் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். முடியாது என்று சொன்னாலும் கோபம் இல்லை. கேட்காமல் விட்டுவிட்டேன் என்பது மட்டும் இனி இருக்கக் கூடாது.

என்றும் உன்,
அண்ணி


ஏப்ரல் 16

என் அன்பு அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு வாடிக்கையாளரை வெளியே உட்கார வைத்து, பரிசோதனை அறைக்குள் போய் விளக்கை அணைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்த அறைக்கு இந்த மாதம் நல்ல உபயோகம்.

கேட்டீர்களே, அது போதும் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். அது பாதி உண்மைதான். கேட்டது மட்டும் போதவில்லை, வரவும் ஆசையாக இருக்கிறது. ஆனால் வரவில்லை அண்ணி.

எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. இந்தத் தெருவில் பாதிப் பேர் அதில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். தரை கூட்டுகிற வேலையில் சேர்ந்து, லென்ஸ் தேய்க்கக் கற்று, பரீட்சை எழுதி, என் பெயரில் கடை போட்டிருக்கிறேன். நீங்கள் புகார் போன் எடுத்த அதே வருடங்களில்தான் நானும் இதைச் செய்தேன். யாரும் என்னைப் பேட்டி எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்களுடைய நாற்காலியில் பாதிக்கே அவ்வளவு சண்டை போட்டவள், என்னுடைய முழு நாற்காலியை விடுவேனா? வேறு யார் கோபித்துக்கொண்டாலும் நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

ஆனால் வந்து போவேன். உங்கள் மூக்குக் கண்ணாடி எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். அங்கே யாரிடமும் கொடுத்து நேராக்கிவிடாதீர்கள், அதைச் சாக்காக வைத்து டிக்கெட் எடுத்துக்கொள்வேன்.

பொடிசிடம் உங்கள் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன், என் பதிலையும் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். அப்புறம், "அப்ப நான் போறேன் அத்தை" என்றாள். அன்று விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் வேண்டுமென்றே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். அப்போதும் "போறேன் அத்தை" என்றாள். அன்றைக்கு விளக்குமாற்றை அவள் தொடவில்லை. வீடு குப்பையாகக் கிடந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பரீட்சை முடிந்ததும் விமானம் ஏற்றிவிடுகிறேன். முறைப்படி சொல்கிறேன் அண்ணி: ஒப்படைக்கிறேன்.

உங்கள்,
வாயாடி


ஜூன் 19

அன்புள்ள வாயாடிக்கு,

நீ "ஒப்படைக்கிறேன்" என்று எழுதி இரண்டு மாதம் ஆகிறது. பதில் வார்த்தை வரவில்லையே என்று நீ காத்திருப்பாய், தெரியும். பொடிசு வந்து இறங்கினதும் எழுதலாம் என்று இருந்தேன். இறங்கின பிறகு எழுத முடியவில்லை. காரணத்தைக் கேள்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஈரத் தலையோடுதான் படுக்கிறாள், நான் தலையணை மேல் துண்டைப் போட்டுவிடுகிறேன். அவள் கணக்கைப் பாடும்போது நான் எதிரே உட்கார்ந்து என் ஆபீஸ் வேலையைப் பார்க்கிறேன். எனக்கும் அந்தப் பாட்டு வந்துவிட்டது. நேற்று மீட்டிங்கில் வாய்விட்டு முணுமுணுத்திருக்கிறேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். போன வாரம் முதல் தடவையாக என்னோடு சண்டை போட்டாள். வீட்டைக் கூட்டவில்லை, நேராகவே கத்தினாள். உனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும்போல சந்தோஷமாக இருந்தது.

எங்கள் கம்பெனியின் உள் பத்திரிகையில் என்னைப் பற்றி எழுதக் கேட்டார்கள். இந்தத் தடவை எழுதினதை நானே வாங்கிப் பார்த்து, ஒரு வரியை மட்டும் தலைப்பாகப் போடச் சொன்னேன். "என் நாத்தனார் இல்லாவிட்டால் நான் இல்லை." இத்துடன் இருக்கிறது. எழுத்து பெரிதாக இருப்பதால் உன் கிட்டப்பார்வை அட்டைக்கு ஆகாது, எதிர்ச் சுவரில் மாட்டித் தூரப்பார்வைக்கு வைத்துக்கொள்.

இப்போது காரணம். அவளைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தோம். தலைமை ஆசிரியை தங்கமான மனுஷி, என்னைவிட அவளிடம்தான் பேசினார். "ஏதாவது அவசரம்னா முதல்ல யாரைக் கூப்பிடணும்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "எங்க அத்தையை" என்றாள்.

"அத்தை இந்த ஊரிலயா இருக்காங்க?"

"இல்ல மேடம். ஆனா அத்தை எடுப்பாங்க. அம்மா மீட்டிங்ல இருப்பாங்க. அத்தை எடுத்து, அம்மாவை எப்படியாவது பிடிச்சுடுவாங்க."

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சொல்லும்போதும் பார்க்கவில்லை, சொல்லி முடித்த பிறகும் பார்க்கவில்லை. நான் எப்படி எடுத்துக்கொள்வேன் என்று என் முகத்தில் தேடவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பந்து விளையாடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு, தனக்கு உண்மை என்று பட்டதைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சுருக்கென்றது அதோடு போய்விட்டது. கண் நிறைந்துவிட்டது.

"அவ சொல்றபடியே போட்டுக்கங்க" என்றேன்.

ஆகவே, நீ ஒப்படைத்ததை நான் முழுதாக எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. இந்த வீட்டுப் பலகையில் மேலே இருப்பது நீ. போனை எப்போதும் சார்ஜில் வை, மணியடித்தால் வலது காதில் வைத்துக் கேள். நீ எடுக்காவிட்டால் மட்டும்தான் எனக்கு வரும்.

என் மூக்குக் கண்ணாடி கோணிக்கொண்டுவிட்டது. நானேதான் வளைத்தேன்.

இப்படிக்கு,
இரண்டாவது ஆள்